வெந்நீரில் மட்டுமா, பச்சைத் தண்ணீரிலுமா? கீசர் படுக்கப் போவதை முன்பே கண்டுபிடிக்க

கீசர் திடீரென்று படுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை. எங்கள் வீட்டுக் கீசர் போனபோது நாங்களும் "திடீரென்று" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். மெக்கானிக் வந்து அடி மூடியைக் கழற்றியதும் கால் வாளி அளவுக்குச் சுண்ணாம்புச் சில்லு கொட்டியது, அதைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது, மூன்று மாதமாக அது சூடாகும்போதெல்லாம் உள்ளே யாரோ கூழாங்கல்லை உருட்டுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்த்தோம்.

ஆக, கெடுவதற்கு முன் அது சொல்லிவிடுகிறது. சத்தம், நிறம், வாசனை, சொட்டு, சூடாக எடுத்துக்கொள்ளும் நேரம், சில சமயம் குழாயைத் தொட்டால் ஒரு சின்ன சுரீர். இவற்றில் எது ஒரு வாரம் பொறுக்கும், எது ஒரு நிமிடம்கூடப் பொறுக்காது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், மெக்கானிக் வேலை தெரிய வேண்டியதில்லை. அதற்கு முதலில் ஒரு கேள்வியைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்: இந்தக் கோளாறு வெந்நீரில் மட்டும் இருக்கிறதா, பச்சைத் தண்ணீரிலும் இருக்கிறதா? இரண்டு குழாயையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டிலும் இருந்தால் கோளாறு மேல் தொட்டியிலோ, வரும் தண்ணீரிலோ, பைப்பிலோ. வெந்நீரில் மட்டும் என்றால் கீசரைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பவை

சுவரில் தொங்கும் அந்தப் பெட்டிக்குள் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. நடுவில் ஒரு இரும்பு டேங்க், அதன் உட்புறம் துரு பிடிக்காமலிருக்கக் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு (சிலவற்றில் செம்பு டேங்க் இருக்கும், சிலவற்றில் பிளாஸ்டிக் பூச்சு), அதைச் சுற்றிச் சூடு வெளியே போகாமலிருக்க நுரை, அதற்கும் வெளியேதான் நாம் பார்க்கும் ஓடு. அடியில் இரண்டு குழாய். ஒன்றில் பச்சைத் தண்ணீர் உள்ளே போகிறது, இன்னொன்றில் வெந்நீர் வெளியே வருகிறது. சூடான தண்ணீர் மேலே போய் நிற்கும் என்பதால் வெந்நீர்க் குழாய் உள்ளுக்குள் டேங்க்கின் உச்சிவரை நீண்டிருக்கும்.

சூடாக்குவது காயில். ஒரு உலோகக் குழல், அதற்குள் சூடேறும் கம்பி, இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் குழலுக்குத் தாண்டிவிடாமல் தடுக்க மெக்னீசியம் ஆக்ஸைடு என்ற வெள்ளைத் தூள். இந்தத் தூளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், ஷாக் பற்றிச் சொல்லும்போது மறுபடி வரும். தண்ணீர் போதுமான சூட்டுக்கு வந்ததும் காயிலை நிறுத்துவது தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் நிறுத்தத் தவறினால் நிறுத்த ஒரு கட்-அவுட். அதுவும் தவறி உள்ளே அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ள ஒரு வால்வு. இவை போக டேங்க்குக்குள் யார் கண்ணிலும் படாமல் ஒரு மெக்னீசியம் கம்பி. வாங்கும்போது அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் பத்து வருடம் கழித்தும் அது இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

கூழாங்கல் சத்தம்

கடினத்தன்மை உள்ள தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. சூடு பட்டதும் பைகார்பனேட் உடைந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லாகப் பிரிந்து படியும். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரைகிறது, இதுவோ சூடு ஏற ஏறக் கரைய மறுக்கும். தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்வதும் இதுதான். டேங்க்குக்குள் எல்லாவற்றையும் விடச் சூடான இடம் காயில் என்பதால் முதலில் அங்கேதான் படியும், தடிமனானதும் சில்லு சில்லாகப் பெயர்ந்து அடியில் சேரும். ஒரு லிட்டரில் 180 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை இருந்தால் மிகக் கடின நீர் என்று வகைப்படுத்துவார்கள். அப்படிப்பட்ட தண்ணீர் வரும் வீட்டில் இது வருடக் கணக்கில் நடக்காது, மாதக் கணக்கிலேயே நடந்துவிடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்றால், பொருக்குக்குள் சின்னச் சின்ன இடுக்குகளில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது, அது நகர வழியில்லாமல் அங்கேயே கொதித்து ஆவிக் குமிழாகிறது, குமிழ் வெளியே வந்து குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும் பட்டென்று அமுங்குகிறது. அதுதான் "டொக் டொக்", "கடகட". காயில் மேல் மட்டும் மெல்லிய பொருக்கு இருந்தால் "உஸ்ஸ்" என்று ஒரு இரைச்சலோடு நின்றுவிடும். புதுக் கீசரும் சூடாகும்போது உலோகம் விரிவதால் ஒன்றிரண்டு "டிக்" போடும், அதற்குப் பயப்பட வேண்டாம். போன மாதம் இல்லாத சத்தம் இந்த மாதம் இருந்தால், அதுவும் சூடாகும் நேரம் முழுக்க இருந்தால், உள்ளே சுண்ணாம்பு சேர்ந்துவிட்டது.

பொருக்கு சேர்ந்தால் கரண்ட் பில் எகிறும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது கொஞ்சம் உண்மை, முழு உண்மை என்று சொல்ல மாட்டேன். மின்சாரக் காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது, அதில் உண்டாகும் சூடு வேறெங்கே போகும், கடைசியில் தண்ணீருக்குத்தான் வந்தாக வேண்டும். நிஜமான ஆபத்து காயிலுக்குத்தான். பொருக்கு கம்பளி போர்த்திய மாதிரி சூட்டை வெளியே விடாமல் வைத்திருப்பதால் காயில் தன் அளவுக்கு மீறிக் காய்ந்து, குழல் விரிசல் விட்டு, ஒரு நாள் எரிந்துபோகும். கேஸில் ஓடும் டேங்க் ஹீட்டரில் கதை வேறு. அங்கே தீ டேங்க்கின் அடியில் எரிகிறது, அடியில் வண்டல் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் புகைபோக்கி வழியே வீணாகும், அங்கே பில்லும் நிச்சயமாக ஏறும்.

இதில் பலரையும் குழப்பும் ஒரு அறிகுறி உண்டு. விளக்கு சீக்கிரமே அணைந்துவிடும், "அட, வேகமாகச் சூடாகிவிட்டதே" என்று திறந்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். தெர்மோஸ்டாட்டின் குச்சி காயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சுண்ணாம்பு இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் தெர்மோஸ்டாட் தண்ணீரின் சூட்டை விட்டுவிட்டுக் காயிலின் சூட்டை அளக்க ஆரம்பித்துவிடும், சூடாகிவிட்டது என்று நினைத்து முன்கூட்டியே நிறுத்திவிடும். இப்படி ஆகும்போது பலர் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு அதே குறை மறுபடி வந்ததும் திட்டுகிறார்கள். முதலில் சுண்ணாம்பை எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, வெந்நீரில் வெள்ளையாக ஏதாவது வந்தால்? மூன்று விதம் உண்டு. டம்ளரில் பிடித்ததும் பால் மாதிரி இருந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்தால் அது வெறும் காற்றுக் குமிழ், சூடான தண்ணீரில் காற்று கரைந்திருக்க முடியாமல் வெளியே வருகிறது, விட்டுவிடுங்கள். மணல் மாதிரி அடியில் தங்கினால் சுண்ணாம்பாக இருக்கலாம். மெல்லிய தகடாக, குழாய் வாய் வலையில் சிக்கிக்கொண்டால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாய் உதிர்வதாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் அந்தச் சில்லை வினிகரில் போடுங்கள். நுரைத்துக் கரைந்தால் சுண்ணாம்பு, அப்படியே கிடந்தால் பிளாஸ்டிக்.

எத்தனை நிமிடம் ஆகிறது?

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான பரிசோதனை கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வேண்டும். 25 லிட்டர் கீசர், தண்ணீர் 25 டிகிரியில் உள்ளே போய் 60 டிகிரிக்கு வர வேண்டும் என்றால் 35 டிகிரி ஏற வேண்டும். 25 × 35 × 4.2, அதாவது 3,675 கிலோஜூல். காயில் 2 கிலோவாட் என்றால் விநாடிக்கு 2 கிலோஜூல், ஆகவே 2-ஆல் வகுத்தால் 1,837 விநாடி, கிட்டத்தட்ட 31 நிமிடம். 15 லிட்டராக இருந்தால் 18 நிமிடத்துக்கு மேல் கொஞ்சம்.

எத்தனை வாட் என்பது பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளில் இருக்கும். டேங்க்கில் இருக்கும் வெந்நீர் முழுவதும் தீர்ந்த பிறகு சுவிட்சைப் போட்டு, விளக்கு அணைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு நாள் பாருங்கள். குளிர்காலத்தில் கூடத்தான் செய்யும், அது கோளாறு இல்லை. ஒரே மாதிரி வானிலையில் 31 நிமிடம் 45 ஆகிவிட்டால் காயிலையோ இணைப்பையோ பார்க்க வேண்டும், 15-க்குக் குறைந்துவிட்டால் மேலே சொன்ன சுண்ணாம்புக் கட்டு. ஒரு பக்கெட்டோடு சூடு போய்விடுகிறது என்றாலும் கீசரைப் பழிப்பதற்கு முன் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் மிக்ஸர் குழாயை ஒருமுறை பார்த்துவிடுங்கள், அதன் உள்ளே வாஷர் தேய்ந்தால் இரண்டும் சத்தமில்லாமல் கலந்துகொண்டிருக்கும்.

செந்நிறத் தண்ணீர், அப்புறம் அந்த மெக்னீசியம் கம்பி

வெந்நீர் மட்டும் காலையில் முதலில் பழுப்பாகவோ செம்மண் கரைத்த மாதிரியோ வந்தால் டேங்க்கின் உட்புறம் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பார்த்தால் சுலபமாகத் தெரியும். பழைய இரும்பு பைப் உள்ள வீட்டில் பைப்பே துருவைக் கொடுக்கும் என்பதால், பச்சைத் தண்ணீரையும் அதே வாளியில் பிடித்துப் பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

கண்ணாடிப் பூச்சில் எங்காவது ஒரு நுண்ணிய விரிசல் இருக்கத்தான் செய்யும், அந்த இடத்தில் இரும்பு அரிக்காமலிருக்கத்தான் மெக்னீசியம் கம்பி. இரும்பைவிட மெக்னீசியம் சுலபமாக அரிபடும், இரண்டும் ஒரே தண்ணீரில் தொடர்போடு கிடந்தால் மெக்னீசியம் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். டேங்க்குக்காக உயிரைவிடும் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த யோசனை கீசரைவிடப் பழையது. 1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளர் கடற்படைக் கப்பல்களின் அடியில் இருந்த செப்புத் தகடு அரிக்காமலிருக்கத் துத்தநாகம், இரும்புத் துண்டுகளைப் பொருத்திக் காட்டினார். செம்பு அரிப்பது நின்றது, ஆனால் அரிபட்ட செம்புதான் இத்தனை நாளும் கடல் உயிரிகளை ஒட்டவிடாமல் வைத்திருந்தது, அது நின்றதும் சிப்பியும் பாசியும் ஒட்டிக் கப்பலின் வேகம் குறைந்து, கடற்படை அந்த ஏற்பாட்டையே கைவிட்டது. கீசருக்குள் சிப்பி தொல்லை இல்லாததால் நமக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

கம்பி கரைந்து தீர்ந்ததும் அடுத்து இரும்பின் முறைதான். எவ்வளவு நாளில் தீரும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. உப்புத் தண்ணீரில் சீக்கிரம் போகும். தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைத்தவர்கள் "எங்களுக்குச் சுண்ணாம்புப் பிரச்சினை இல்லை" என்று நிம்மதியாக இருப்பார்கள், அந்தத் தண்ணீர் கம்பியை இன்னும் வேகமாகத் தின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ நடுவில் உள்ள இரும்பு இழை தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். கீசரில் மாற்றக்கூடிய பொருட்களில் இதைப்போல் சின்ன செலவில் பெரிய செலவைத் தள்ளிப்போடுவது வேறு இல்லை, ஆனாலும் சர்வீஸுக்கு வருபவர்கள் நாம் கேட்காவிட்டால் இதைத் தொடுவதே இல்லை, ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. செம்பு டேங்க்கிலும் உள்ளே முழுக்கப் பிளாஸ்டிக் பூசியதிலும் இந்தக் கம்பி இல்லாமலும் இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வெந்நீரில் மட்டும் வந்தாலும் இதே கம்பிதான் காரணமாக இருக்கலாம். தண்ணீரில் சல்பேட் இருந்து, ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் ஒருவகை பாக்டீரியாவும் இருந்தால், மெக்னீசியம் கரையும்போது நடக்கும் வினை அவற்றுக்குத் தோதாகிவிடும், அவை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வந்து குழாயைத் திறந்தால் வரும் நாற்றம் பெரும்பாலும் இது. டேங்க்கில் இருப்பதை முழுக்கத் திறந்துவிட்டு, 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாக்கினால் அடங்கும், திரும்பத் திரும்ப வந்தால் மெக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம்-துத்தநாகக் கம்பி போடலாம். நாற்றம் போகட்டும் என்று கம்பியையே கழற்றிப் போட்டுவிடுவார்கள் சிலர். நாற்றம் போகும், கொஞ்ச நாளில் டேங்க்கும் போகும்.

சொட்டு

எல்லாச் சொட்டும் ஓட்டை இல்லை. தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் 1.5 சதவீதம் விரியும். 25 லிட்டரில் அது 380 மில்லிக்குப் பக்கம், ஒன்றரை டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் தொட்டிக்குத் திரும்பிப் போக வழியிருந்தால் அந்தத் தண்ணீர் வந்த வழியே பின்வாங்கிவிடும். வழியை அடைக்கும் ஒருவழி வால்வு இருந்தால் அழுத்த வால்வு வழியாகத்தான் சொட்டாக வெளியே வரும். ஆகவே சூடாகும்போது மட்டும் சொட்டி, சூடானதும் நின்றால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. சுவிட்ச் போடாதபோதும் நாள் முழுக்கச் சொட்டினால்தான் யோசிக்க வேண்டும். வால்வின் வாயில் சுண்ணாம்புத் துகள் மாட்டியிருக்கலாம், இல்லையென்றால் உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகம். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான், அது பிரச்சினையே இல்லை. ஷவர் நன்றாக வரட்டும் என்று பிரஷர் பம்ப் மாட்டிய வாரத்திலிருந்து சொட்ட ஆரம்பித்தது என்றால் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

எது எப்படியிருந்தாலும் அந்த வால்வை அடைக்காதீர்கள். சொட்டுவது தொல்லையாக இருக்கிறது என்று டேப் சுற்றி, மூடி போட்டு அடைத்து வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகும், டேங்க் எங்காவது கிழிந்து அழுத்தம் குறைந்த நொடியில் அதில் ஒரு பகுதி ஒரேயடியாக ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். கீசர் வெடித்தது என்றால் நடந்தது அநேகமாக இதுதான், அதற்குத் தெர்மோஸ்டாட், கட்-அவுட், வால்வு மூன்றும் கைவிட்டிருக்க வேண்டும்.

மற்ற கசிவுகளைப் பொறுத்தவரை, எல்லா இணைப்பையும் துடைத்துவிட்டு ஒரு டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு இடமாக வைத்துப் பாருங்கள், எது நனைகிறதோ அங்கே. குழாய் இணைப்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அங்கே வெகுநாளாக மெல்லக் கசிந்து காய்ந்துகொண்டிருக்கிறது. இணைப்பு, வாஷர், அடியில் காயில் பொருத்திய இடத்து கேஸ்கெட் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். அடி மூடிக்குள்ளிருந்து சொட்டினால் மட்டும் உடனே மெயினில் அணைத்துவிடுங்கள், வயர்கள் அங்கேதான் இருக்கின்றன. டேங்க்கே ஓட்டையாகி நுரையெல்லாம் ஊறி ஓட்டின் விளிம்பில் துருநீர் வழிந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது, பற்றவைத்துத் தருகிறேன் என்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

சுரீர்

அடைத்துவைத்த வால்வையும் அடி மூடிக்குள்ளிருந்து வரும் சொட்டையும் தவிர, இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். குழாயைத் தொட்டாலோ ஷவர் தண்ணீர் மேலே பட்டாலோ லேசாக ஒரு சுரீர் தெரிந்தால் அது பொறுக்காது. "ஏதோ எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது" என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதிலேயே குளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரமான உடம்பு மின்சாரத்தைச் சுலபமாக உள்ளே விடும், நேற்று எறும்பாக இருந்தது இன்று எதுவாகவும் ஆகலாம். குழாயைத் தொடாமல் வெளியே வந்து, உலர்ந்த கையால் மெயின் போர்டில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இருக்கிறதா இல்லையா என்று மறுபடி தொட்டுப் பார்க்கும் ஆர்வம் எல்லோருக்கும் வரும், வேண்டாம்.

காயிலின் குழல் விரிசல் விட்டால் தண்ணீர் அந்த வெள்ளைத் தூளுக்குள் இறங்கும். ஈரமான தூள் மின்சாரத்தைத் தடுக்காது, கசியவிடும். எர்த் ஒழுங்காக இருந்தால் கசிவு எர்த்துக்குப் போகும், கசிவைக் கண்டுபிடிக்கும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ட்ரிப் ஆகிவிடும். சாதாரண எம்சிபி இதற்கு உதவாது. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் எடுப்பதே சுமார் 8.7 ஆம்பியர், அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி மாட்டியிருப்பார்கள், 0.03 ஆம்பியர் கூடுதலாகப் போனால் அதற்கு எப்படித் தெரியும்? வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை, ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. அது கீசர் போட்டால் மட்டும் ட்ரிப் ஆகிறது என்றால் காயில் சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், போட்டவுடனே ஆகாமல் பத்து நிமிடம் சூடான பிறகு ஆனாலும் அதேதான், சூட்டில் விரிசல் விரிகிறது. "அடிக்கடி ட்ரிப் ஆகித் தொல்லை பண்ணுகிறது" என்று ஆர்சிசிபியைத் தாண்டி வயர் கொடுப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பிளக்கும் சாக்கெட்டும் பழுப்பேறியிருந்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தாலோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. எட்டு ஒன்பது ஆம்பியர் அரைமணி நேரம் தொடர்ந்து போகும் இடம் அது, இளகிய இடத்தில் சூடு பிடிக்கும். இதையும் நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

அதே மாதிரி, குழாயைத் திறந்தால் தண்ணீரோடு ஆவி சீறிக்கொண்டு வந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டுவிட்டது, அணையவில்லை. மெயினில் அணைத்துவிட்டு, தானாக ஆறும்வரை விட்டுவிடுங்கள். 60 டிகிரித் தண்ணீரே சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். கட்-அவுட்டில் ரீசெட் பட்டன் இருக்கும் மாடல்களில் ஒருமுறை அழுத்தலாம், மறுபடியும் விழுந்தால் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

கேஸ் ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ ஆடினால், ஹீட்டரைச் சுற்றிக் கரி படிந்தால், கேஸ் முழுதாக எரியவில்லை, கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிக்கொண்டிருக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். குளிக்கும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்து, வெளியே வந்ததும் சரியாகிவிடுகிறது என்றால் உடம்பைச் சந்தேகப்படுவதற்கு முன் ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள். கேஸை மூடிவிட்டு வெளிக்காற்றுக்குப் போய்விடுங்கள், புகைபோக்கியும் பர்னரும் சரிபார்க்கும்வரை மறுபடி போடக்கூடாது. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் இந்த வகை ஹீட்டர் இருக்கவே கூடாது என்பது என் கருத்து மட்டும் இல்லை, தயாரிப்பாளர்களின் கையேடுகளும் காற்றோட்டத்தை வலியுறுத்துகின்றன. கேஸ் வாசனையே வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

வருடத்துக்கு ஒரு காலை

டேங்க் கீசர் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு வருடம் உழைக்கும், தண்ணீர் மோசமென்றால் அதற்கு முன்பே போகும். வருடத்துக்கு ஒருமுறை அணைத்து, ஆறவிட்டு, டேங்க்கைக் காலி செய்து சுண்ணாம்பை எடுத்து, கம்பியைப் பார்த்து, வால்வின் நெம்புகோலை ஒருமுறை தூக்கித் தண்ணீர் வந்து நிற்கிறதா என்று பார்த்து, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திவிட்டால் பெரும்பாலான அறிகுறிகள் வருவதற்கே இடமிருக்காது. முடித்ததும் அவசரப்பட்டு சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, காற்று புஸ் புஸ்ஸென்று வருவது நின்று தண்ணீர் சீராக வந்த பிறகுதான் போட வேண்டும். காலி டேங்க்கில் காயில் எரிந்துபோகக் கொஞ்ச நேரமே போதும். மேல் தொட்டி காலியான நாளிலும் இதேதான்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது "கீசர் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், வெந்நீரில் மட்டுமா, எத்தனை நாளாக, சூடாகும்போது மட்டுமா எப்போதுமா என்று மூன்றையும் சொல்லிவிட்டால் அவர் சரியான சாமானோடு வருவார். நாங்கள் புதுக் கீசர் மாட்டிய அன்றே அதன் பக்கவாட்டில் மார்க்கரால் மாதம், வருடம், முதல்முறை சூடாக ஆன நேரம் மூன்றையும் எழுதிவைத்தோம். அதில் 31 நிமிடம் என்றிருக்கிறது. போன வாரம் பார்த்தேன், 33. தண்ணீர் கொஞ்சம் சில்லென்றுதான் இருந்தது, அதனால் இன்னும் யாரையும் கூப்பிடவில்லை.